சர்க்கரை போடாத தேநீர்

கேள்வி: கிறிஸ்தவ விசுவாசமும் ஒழுக்கமும்தான் பிரிட்டனைப் பெரிய நாடாக்கின என்கிறார்களே, உண்மையா?

பதில்: கப்பலும் பீரங்கியும் அதைப் பணக்கார நாடாக்கின. பெரிய நாடாக்கியவர்கள் வேறு. அடிமை வணிகத்தை ஒழிக்க 1787இல் லண்டனில் கூடிய 12 பேரில் 9 பேர் குவேக்கர் கிறிஸ்தவர்கள். 1791இல் அதே நோக்கத்தோடு உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் கொண்டுவந்த மசோதா நாடாளுமன்றத்தில் தோற்றது. உடனே ஏராளமான வீடுகளில், கரீபியத் தீவு அடிமைகள் விளைவித்த சர்க்கரையைத் தேநீரில் போட மறுத்தார்கள், குறிப்பாகப் பெண்கள். ஜெபத்தில் இருந்த விசுவாசம் நாக்கு ருசியையும் அடக்கியதே, அதைத்தான் பெருமை என்பேன்! 1807இல் அந்த வணிகம் சட்டப்படி ஒழிந்தது. ஆனால், அடிமைகளை வைத்திருந்தவர்களின் கையிலும் அதே வேதாகமம்தான் இருந்தது. அடிமை முறையையே ஒழித்த 1833ஆம் வருடச் சட்டம், 2 கோடி பவுண்டு இழப்பீட்டை முதலாளிகளுக்கே கொடுத்தது. உழைத்துத் தேய்ந்தவர்களுக்குச் சல்லிக்காசு கிடையாது.