கிராக் போட்டது போதும்

விசைத்தறி உரிமையாளர், சங்கரன்கோவில்: காசில்லாமல் கிடைக்கும் மென்பொருளை எப்படி நம்புவது?

இப்போது உங்கள் கணினியில் ஓடும் மென்பொருளுக்குக் காசு கொடுத்தீர்களா? ‘கிராக்’ போட்ட மென்பொருளுக்குள் யார் எதை நுழைத்தார் என்று யாருக்கும் தெரியாது. காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸின் மூலநிரலையோ எவரும் திறந்து பார்க்கலாம். எந்தத் தறியில் எத்தனை சேலை, முன்பணத்தில் பிடித்தம் எவ்வளவு என்று நீங்கள் போடும் வாரக் கூலிக் கணக்கை அதிலேயே போடலாம். பழைய எக்செல் கோப்புகளும் திறக்கும்.

ஜவுளி வியாபாரி: டேலியையும் தூக்கிவிடலாமா?

குனூகேஷ் என்ற இலவசக் கணக்கு மென்பொருள் இருக்கிறது. ஆனால் ஆடிட்டர் டேலி கோப்புதான் கேட்கிறார் என்றால், டேலியைக் காசு கொடுத்தே வாங்குங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்பவரை நம்பாதீர்கள்.

பள்ளி ஆசிரியை: அரசு கொடுத்த மடிக்கணினியில் லினக்ஸ் இருந்ததே, பிள்ளைகள் ஏன் தொடவில்லை?

2011-ல் தொடங்கிய திட்டத்தில் விண்டோசோடு சி-டாக்கின் பாஸ் லினக்சும் வந்தது. அதற்கு முன்பே, சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தமிழக அரசு நிறுவனமான எல்காட் சூஸே லினக்சுக்கு மாறியிருந்தது. மென்பொருள் இருந்தது, சொல்லித்தர ஆளில்லை. நமக்கு எல்லையில் உள்ள புளியரையைத் தாண்டினால் கேரளம். அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, பாடத்தையும் செய்முறைத் தேர்வையும் லினக்சிலேயே வைத்தது. தேர்வில் வந்தால் பிள்ளை படிக்கும். பிள்ளை படித்தால் வீட்டுக்கும் கடைக்கும் வந்துவிடும். நாம் பெட்டியைக் கையில் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டோம். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது.

கல்லூரி நூலகர்: எங்களுக்கு ஏதாவது?

கோஹா என்ற நூலக மென்பொருள். நியூசிலாந்தில் ஒரு நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. இந்தியக் கல்லூரிகள் பலவற்றில் இப்போது அதுதான்.

கணினி மையம் நடத்துபவர்: விண்டோஸ் 10 கணினிகளை எடைக்குப் போடவா?

வேண்டாம். மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவை நிறுத்தியது, கணினி நின்றுவிடவில்லை. 4 ஜி.பி. ராம் இருந்தால் லினக்ஸ் மின்ட் நன்றாக ஓடும். முதலில் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஓட்டி, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு நிறுவுங்கள்.

தொண்டு நிறுவனச் செயலாளர்: கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது?

கேட்க வேண்டிய கேள்வி! விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகவே கற்றுத்தருகிறது. தமிழில் படிக்கக் கணியம் மின்னிதழ் இருக்கிறது, 2012-லிருந்து. உங்கள் ஊரில் சர்வீஸ் பார்க்கும் இளைஞர் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். லைசென்சுக்கு ஒதுக்கிய பணத்தில் அவருக்கு மாதச் சம்பளம் பேசிவிடுங்கள்.