சீருடை இல்லாத சேனை

கேள்வி: மேசைப்போர் விளையாட்டுக்காக 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கேயக் காலாட்படைப் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிறேன். அவர்களுடைய சீருடை என்ன நிறம்?
- வாசகர் ஒருவர், முள்ளியவளை

பதில்: இல்லாத சீருடைக்கு நிறம் தேடி வருந்த வேண்டாம்! அக்கால ஐரோப்பியச் சேனைகளில் பொதுச் சீருடை என்னும் சம்பிரதாயம் இன்னும் வேரூன்றவில்லை. அவரவர் பணப்பை அனுமதித்த வஸ்திரமே அவரவர் யுத்த வேஷமாதலால், அருகருகே நிற்கும் அனைவருக்கும் ஒரே வர்ணம் தீட்டுவதுதான் சரித்திரப் பிழை. கறுப்பு அடிப்பூச்சு காய்ந்தபின், தலைச்சீராவுக்கு இரும்பு நிறமிட்டு, நீர்த்த கபில வர்ணத்தை ஆடை மடிப்புகளில் ஓடவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடான விளிம்புகளை மட்டும் வெளிறிய நிறத்தால் வருடினால், 28 மில்லிமீற்றர் உருவத்திலும் வெயிலும் நிழலும் பிரசன்னமாகும். துப்பாக்கிக்காரன் கையிலுள்ள திரியின் நுனியில் ஒரு செம்பொட்டு வைக்க மறவாதீர்கள். அந்தக் கனலின்றி அவனுடைய துப்பாக்கி வெடிக்காது.

ஒரு பக்கத்துச் சேனை மட்டும் யுத்தமாகாது. உங்கள் பொம்மைகளின் காலத்துக்குச் சற்றுப் பிந்தியதாயினும், 1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேராவை எதிர்த்து நின்ற யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் வீரரையும், தஞ்சை இரகுநாத நாயக்கர் துணைக்கு அனுப்பிய படையையும் அதே சிரத்தையுடன் தீட்டுங்கள். பலகையோரத்தில் பனிச்சை மரம் ஒன்றையும் நாட்டுங்கள்: உங்கள் அயலிலுள்ள வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் சந்நிதியில் அந்நிய அதிகாரி ஒருவரைக் காய் சொரிந்தே விரட்டியதாக ஐதிகம் போற்றும் அம்மரம், வன்னியின் பக்கத்தில் தனியொரு படைப்பிரிவுக்குச் சமானம்!