பத்துப் பட அண்ணை

ஸ்காபரோவில் எந்தக் கொண்டாட்ட மண்டபத்துக்குப் போனாலும் அவரைக் காணலாம். சாமத்திய வீடோ அரங்கேற்றமோ, கழுத்தில் ஒரு நிக்கன் தொங்கும். 35 மில்லிமீற்றர் பிலிமில் கை பழகியவர். றோலுக்கு 36 படம். கேக் வெட்ட முதலே இரண்டு றோல் முடிந்துவிடும். கேட்டால், "சும்மா தட்டிப் பாத்தனான்" என்பார்.

போன வருடம் அவருக்கு மமியா ஆர்பி67 பிடித்தது. சனி பிடிப்பது போலத்தான். 1970இல் ஜப்பானில் வந்த கமரா, லென்சோடு இரண்டரைக் கிலோவுக்கு மேல். பெட்டியைப் பார்த்த மனைவி, மா அரைக்கிற மிசின் என்று நினைத்துக் குசினியில் இடம் ஒதுக்கினார்.

"எத்தினை படம் எடுக்கலாம்?"

"ஒரு றோலுக்குப் பத்து."

"பத்தோ? என்ர போனில பத்தாயிரம் கிடக்கு."

"இஞ்சரும், ஒவ்வொரு நெகற்றிவும் பழைய கமராவின்ரயிலும் நாலரை மடங்கு பெரிசு."

"நாலரை மடங்கோ? அப்ப என்னை எடாதேங்கோ."

இது மேலிருந்து குனிந்து பார்க்கிற கமரா. நல்லூரானுக்கு முன்னாலும் விறைப்பாக நின்ற மனுசன், இப்போது ஐந்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் தலைகுனிந்து நிற்கிறார். கண்ணாடியில் இடமும் வலமும் மாறித் தெரியும். மாப்பிள்ளை கொஞ்சம் விலகினால் இவர் எதிர்ப்பக்கம் திருப்புவார்; மாப்பிள்ளையே காணாமல் போவார். கமராவுக்குள் ஒளிமானி கிடையாது, அதனால் தனியாக ஒன்றைப் பொம்பிளையின் நாடிக்குக் கீழே பிடித்து அளப்பார். வைத்தியர் வந்திருக்கிறார் என்று பின்வரிசையில் கதை கிளம்பும். பிறகு பிலிம் சுற்ற ஒரு பிடி, ஷட்டரை ஏற்ற இன்னொரு பிடி. அதற்குள் பந்தியில் சோறு ஆறிவிடும்.

பிலிமின் பெருமை பேச ஆட்களைக் காரில் ஏற்றி மவுண்ட் டென்னிஸ் கொண்டுபோவார். அங்கே இருந்த கோடாக் ஆலை 2005இல் மூடப்பட்டது. மிஞ்சிய ஒரேயொரு கட்டடமும் ரயில் நிலையத்தோடு சேர்ந்துவிட்டது. ஊரில் இடிந்த வீட்டைப் பார்க்கப் போனவர் போல அதன் முன்னால் நிற்பார். தை மாதத்தில் படம் எடுக்க ஸ்காபரோ ப்ளஃப்ஸ் மேட்டிலும் நிற்பார். குளிரில் சாக இந்தக் கமராவில் பற்றரியே இல்லை. விறைப்பது அவருடைய விரல்தான்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் அம்மம்மாவை முக்கால் மணித்தியாலம் கதிரையில் இருத்தி வைத்தார். "இவன் எடுத்து முடிக்க நான் போயிடுவன்" என்று அவ அலுத்து, படத்துக்கென்று போட்ட முகத்தைக் கழற்றி வைத்த நேரத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். எங்கள் வீட்டு அல்பங்களில் ஆயிரம் அம்மம்மா உண்டு. அந்த ஒரு படத்தில்தான் அவ இருக்கிறா.

பொங்கலுக்குப் போட்ட றோலில் இன்னும் மூன்று படம் மிச்சமாம். உங்கள் வீட்டில் கொண்டாட்டம் ஏதும் இருந்தால் அண்ணைக்குச் சொல்லுங்கள். சாப்பிட்டுவிட்டு நில்லுங்கள்.