சுண்டுவிரல் – கட்டில்கால் மோதல்: ஒரு நீதியியல் ஆய்வு

இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தவரின் கால் சுண்டுவிரல் கட்டில்காலில் 'ணங்'கென்று இடித்துக்கொள்ளும் நிகழ்வு இதுவரை உரிய முறையில் ஆராயப்படவில்லை. உடலியல் நூல்கள் வலியைப் பற்றிப் பேசுகின்றன. கட்டிலைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்குத் தேக்குக் கட்டில், இரும்புப் பீரோ, வாசற்படி, கிரைண்டர் ஆகியவை மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டன. பிளாஸ்டிக் நாற்காலி, இடித்ததும் நகர்ந்து வழிவிடுகிறது. அத்தகைய பண்பாளரைக் குற்றவாளிகளோடு சேர்ப்பது நியாயமன்று.

இடிப்பது ஒருமுறை, வலி வருவதோ இருமுறை. மெல்லிய உறை போர்த்த ஏ-டெல்டா நரம்பிழைகள் வினாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செய்தி கொண்டு போகின்றன. 'சுரீர்' என்பது அவற்றின் வேலை. உறையில்லாத சி இழைகளின் வேகம் வினாடிக்கு அரை மீட்டரிலிருந்து 2 மீட்டர்தான். விரலுக்கும் முதுகுத்தண்டுக்கும் ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம் இருப்பதால், உயிரை எடுக்கும் அந்த 'விண்விண்' வந்து சேர ஒரு வினாடி வரை, சமயத்தில் அதற்கு மேலும், ஆகிறது. அனுபவசாலிகளுக்கு இது தெரியும். 'சுரீர்' போனதும் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததற்காகக் காத்திருப்பார்கள்.

இந்தச் சின்ன இடைவெளிதான் நம் ஆய்வின் மையம். நான் கவனித்தவரை, அந்த நேரத்தில் யாரும் விரலைப் பார்ப்பதில்லை. கட்டிலைத்தான் முறைக்கிறார்கள். "இதை யாரு இங்க இழுத்துப் போட்டது?" என்று கேட்கவும் செய்கிறார்கள். கட்டில் கல்யாணமான நாளிலிருந்து அங்கேதான் கிடக்கிறது. ஆக, இவ்வலிக்கு முதலில் தேவைப்படுவது மருந்தன்று, குற்றவாளி.

மருந்துகளும் இல்லாமலில்லை. தேய்த்துவிட்டால் குறையும், தொடுவுணர்ச்சி, வலிச் செய்தியை முதுகுத்தண்டிலேயே ஓரளவு மறித்துவிடும் என்று வலி ஆய்வாளர்களான மெல்சாக்கும் வாலும் 1965இல் விளக்கிவிட்டார்கள். கெட்ட வார்த்தை சொன்னால் ஐஸ் தண்ணீரில் கையைக் கூடுதல் நேரம் வைத்திருக்க முடிகிறது என்று இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் ஸ்டீபன்ஸ் குழுவினர் 2009இல் காட்டினார்கள். மறு ஆண்டே, வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசுகளில் அமைதிக்கானது அவர்களுக்குக் கிடைத்தது. மாமியார் பக்கத்து அறையில் தூங்கும் வீடுகளில் இம்மருந்தின் அளவைக் குறைத்து, 'அம்மா!' என்பதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம்.

வழக்குக்கு வருவோம். குழந்தை இடித்துக்கொண்டால் பாட்டி உடனே கட்டிலை நாலு சாத்து சாத்துகிறாள். "அடிச்சாச்சு, இனிமே செய்யாது!" அழுகை நிற்கிறது. இதை மூடப்பழக்கம் என்று சிரிப்பவர்கள் பழைய ஏதென்ஸைப் பார்க்க வேண்டும். ஒருவர்மேல் விழுந்து உயிரைக் குடித்த கல், மரம், இரும்பு ஆகியவற்றை விசாரிக்க அங்கே பிரிட்டனியோன் என்ற தனி மன்றமே இருந்தது. தாசோஸ் தீவில் தியாகனிஸ் என்ற குத்துச்சண்டை வீரனின் வெண்கலச் சிலையை, அவன் செத்த பிறகு, ஒரு பகைவன் இரவுதோறும் சாட்டையால் அடித்தானாம். சிலை ஒருநாள் அவன்மேலேயே சாய்ந்து அவனைக் கொன்றது. அவன் பிள்ளைகள் வழக்குப் போட, சிலையைக் கடலில் எறிந்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார் பண்டைய கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியஸ். (சிலையின் தரப்பை யாராவது கேட்டார்களா என்பதே என் சந்தேகம்.)

இங்கிலாந்தில் ஆளைக் கொன்ற பொருளோ அதன் மதிப்போ அரசருக்குப் போய்ச் சேரும் என்ற சட்டம் நூற்றாண்டுக் கணக்கில் இருந்தது. வண்டிச் சக்கரம், குதிரை என்று இருந்தவரை யாருக்கும் நெருடவில்லை. 1841 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சானிங்கில் ரயில் தடம் புரண்டு பலர் மாண்டபோது, எஞ்சினுக்கும் பெட்டிகளுக்குமாக ஆயிரம் பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது. பெரிய முதலாளிகளின் பையில் கை விழுந்ததும் சட்டத்துக்கு வயதாகிவிட்டது. 1846இல் அதை ரத்து செய்தார்கள். மரச்சாமான்களுக்குச் சட்டபயம் விட்டுப்போனது அன்றிலிருந்துதான் என்பது என் துணிபு.

பெரியவர்களுக்கு வீட்டிலும் நீதியில்லை. ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருக்கும் வாதியையே "கண்ணு எங்க இருந்துச்சு?" என்று குறுக்கு விசாரணை செய்கிறார்கள். மறுநாள் விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கினால் எக்ஸ்ரே. எலும்பு முறிந்திருந்தாலும், இடம் விலகாதிருந்தால், பெரும்பாலும் பக்கத்து விரலோடு சேர்த்து பிளாஸ்திரி சுற்றி அனுப்பிவிடுகிறார்கள். கட்டில் வீட்டில் சௌக்கியமாக நிற்க, ஒரு பாவமும் அறியாத அந்த நான்காம் விரலுக்குச் சில வாரம் சிறை.