செல்ஃப் ஓசையின் அகத்திணையியல்: பழைய மாருதி 800-ஐ முன்வைத்து

ஆய்வுப் பொருளும் எல்லையும்

பழைய காரின் சாவியைத் திருப்பியதும் எழும் வினோத ஓசையைத் தமிழுலகம் இதுவரை மூன்றே வழிகளில் அணுகி வந்திருக்கிறது: பாட்டின் சத்தத்தைக் கூட்டுதல், டேஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்டுதல், பக்கத்தில் இருப்பவரிடம் "உனக்கும் கேக்குதா?" என்று வினவுதல். இம்மூன்றும் ஆய்வு நெறிக்கு ஒவ்வாதவை. தொல்காப்பியர் அகத்துக்கு வகுத்த ஏழு திணைகளைக் கொண்டு அவ்வோசையைப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம் மாருதி 800. 1983 முதல் 2014 வரை தயாரான வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். அம்பாசிடர், பத்மினி உரிமையாளர்கள் தங்கள் வண்டிக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். திருத்துவது அவர்களுக்குப் பழகிய வேலை. ஓடும்போது வரும் சத்தங்கள் தனி ஆய்வேட்டுக்கு உரியவை என்பதால் இங்கே சேர்க்கப்படவில்லை.

முன்னாய்வுகள்

கைப்பிடியைச் செருகிச் சுற்றி எஞ்சினைக் கிளப்பிய காலத்தில் இச்சிக்கல் எழவில்லை. சத்தம் சுற்றியவரிடமிருந்தே வந்தது. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர், நம் பேச்சில் 'செல்ஃப்', 1912 மாடல் காடிலாக் கார்களில் இடம்பெற்றபின் முனகும் பொறுப்பு இயந்திரத்துக்கு மாறியது.

இத்துறையில் குறிப்பிடத்தக்கது பட்டறை மரபு. தேர்ந்த மெக்கானிக் "என்ன சத்தம்?" என்று கேட்பதில்லை. "எப்ப சார் வருது? காலைல முதல் ஸ்டார்ட்லயா, ஓட்டி நிறுத்திட்டு எடுக்கும்போதா?" என்பார். பிறகு நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை ஸ்டார்ட்டர் மேல் ஊன்றி, பிடியைக் காதருகே எலும்பில் அழுத்தி, கண்ணை மூடி, "அடிங்க" என்று கையசைப்பார். முதற்பொருளாவது நிலமும் பொழுதும் என்ற இலக்கணத்தை அவர் படிக்காமலே கடைப்பிடிக்கிறார்.

முதற்பொருள்

சாவி திரும்பியதும் சோலினாய்டுச் சுருளில் மின்சாரம் பாய்ந்து ஓர் இரும்புத் தண்டை இழுக்கிறது. தண்டு நகரும்போது பினியன் என்னும் சிறு பல்சக்கரம் ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரோடு போய்ச் சேர்கிறது. அதே நகர்வில் ஒரு செம்புக் காண்டாக்ட் மூடி, மோட்டாருக்குப் பேட்டரியைத் திறந்துவிடுகிறது. எஞ்சின் பற்றிக்கொண்டபின் சாவியை விட்டதும் பினியன் விலகிவிடுகிறது. பினியனே தலைவன், ரிங் கியரே தலைவி, சோலினாய்டே தோழி. சந்திப்பு, கூடல், பிரிவு எல்லாம் ஓரிரு விநாடியில் முடிந்துவிடுகின்றன. இவ்வளவு வேகமான களவொழுக்கம் சங்கப் புலவர் எவருக்கும் வாய்க்கவில்லை.

ஏழு திணைகள்

கைக்கிளை. 'டக்' என்று ஒரே ஓசை, பிறகு நிசப்தம். ஹெட்லைட் மங்கவும் இல்லை. தோழி தூது போனாள், தலைவன் எழவில்லை. ஒருதலைக் காதல். காண்டாக்ட் கருகியிருக்கும், அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். ஸ்பேனரால் மோட்டார் உடம்பில் மெல்லத் தட்டி உயிர் வந்தால் பெரும்பாலும் பிரஷ்தான். தட்டியதே வைத்தியம் என்று நம்பிப் போகிறவர், மறுவாரம் கல்யாண மண்டப வாசலில் பட்டு வேட்டியோடு அதே ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருப்பார்.

முல்லை. 'டிக்டிக்டிக்டிக்' என்று விடாத ஓசை. உரிப்பொருள் இருத்தல், அதாவது சார்ஜ் ஏறும்வரை காத்திருத்தல். காண்டாக்ட் மூடியதும் மோட்டார் நூறு ஆம்பியர் அளவில் இழுக்கிறது, பலவீனமான பேட்டரியின் வோல்டேஜ் சரிகிறது, சோலினாய்டு பிடியை விடுகிறது, பாரம் நீங்கியதும் வோல்டேஜ் மீள்கிறது, மறுபடி பிடிக்கிறது. "லைட் எரியுதே, ஹாரன் அடிக்குதே, பேட்டரி நல்லாத்தானே இருக்கு" என்பது இத்துறையின் மிகப் பழைய பிழைக்கோட்பாடு. 60 வாட் ஹெட்லைட் பல்பு ஐந்து ஆம்பியரில் எரிந்துவிடும். அதை வைத்து நூறுக்குச் சான்றிதழ் வழங்க முடியாது. முழு சார்ஜில் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

நெய்தல். எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் 'ஊம்... ஊம்...' என்று அழுதுகொண்டே. உரிப்பொருள் இரங்கல். பேட்டரி நன்றாக இருந்தும் மின்சாரம் வழியில் தடைபடும்போது இது நிகழும். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும் பொடி ஆசிட் ஆவியின் விளைவு. எர்த் ஒயர் பாடியோடு சேருமிடத்தில் துரு பிடிப்பது கடற்கரை ஊர் வண்டிகளில் சீக்கிரமே நடக்கும். திணைக்குரிய நிலம் இவ்வளவு பிசகாமல் பொருந்துவது ஆய்வாளரையே வியக்க வைக்கிறது. முதலில் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, முறுக்கிப் பூட்டி, மேலே வேசலின் தடவுக. பிறகும் அழுதால் ஜம்பர் கேபிளின் ஒரு முனையை நெகட்டிவ் டெர்மினலிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் மாட்டி அடித்துப் பார்க்கவும். அழுகை நின்றால் எர்த் ஒயரே குற்றவாளி.

குறிஞ்சி. 'கர்ர்ரக்!' உரிப்பொருள் புணர்தல். இங்கே அது சரியாக நிகழவில்லை. எஞ்சினை நிறுத்தும்போது அது ஏதாவதொரு சிலிண்டரின் அழுத்தத்தில் முட்டி நிற்பதால், மூன்று சிலிண்டர் வண்டியில் ரிங் கியரின் பற்கள் மூன்று இடங்களில் மட்டும் அதிகம் தேயும். நான்கு சிலிண்டர் அம்பாசிடரில் இரண்டு இடங்களில். ஆகவேதான் இந்தச் சத்தம் ஒருநாள் வரும், ஒருநாள் வராது. மெக்கானிக் முன்னிலையில் வரவே வராது. அவசரத்துக்குச் சாவியை எடுத்துவிட்டு, நாலாவது கியரில் போட்டு வண்டியைச் சற்றே முன்னே தள்ளினால் தேயாத பல் வந்து நிற்கும். நிலையான தீர்வு, கியர்பாக்ஸை இறக்கி ரிங் கியரை மாற்றுவது.

பாலை. 'உய்ய்ய்ங்' என்று மோட்டார் மட்டும் சுற்றும், எஞ்சின் அசையாது. உரிப்பொருள் பிரிதல். பட்டறையில் பெண்டிக்ஸ் எனப்படும் பினியன் தொகுதிக்குள் ஒருவழிக் கிளட்ச் ஒன்று உண்டு. அது வழுக்கினால் இப்படி ஆகும். தேய்ந்த பினியனை நாள்கணக்கில் கவனிக்காமல் விட்டாலும் இதுவே கதி. குறிஞ்சி திரிந்து பாலையாகும் என்ற மரபு இங்கே மெய்ப்பிக்கப்படுகிறது. பெண்டிக்ஸை மட்டும் மாற்றினால் போதும். முழு ஸ்டார்ட்டரையும் மாற்றச் சொன்னால் இன்னொரு பட்டறையில் கருத்துக் கேட்கவும்.

மருதம். வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். உடனே 'கீஈஈச்' என்று தெருவை எழுப்பும். உரிப்பொருள் ஊடல், பொழுது வைகறை. செல்ஃப் தின்ற மின்சாரத்தை ஈடுகட்ட ஆல்டர்னேட்டர் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. பனியில் நனைந்த தளர்ந்த பெல்ட் வழுக்கிக் கத்துகிறது. பெல்ட் மேல் சிறிது தண்ணீர் தெளித்ததும் சத்தம் கூடினால் பெல்ட் தளர்வு. சற்று அடங்கித் திரும்பினால் புல்லிகள் நேராக இல்லை. கை, துப்பட்டா, துண்டு எதுவும் அருகில் போகக் கூடாது.

பெருந்திணை. எஞ்சின் ஓடுவது தெரியாமல் மறுபடி சாவியைத் திருப்பும்போது எழும் ஓசை. எழுத்தில் வடிக்க இயலாதது. சுற்றிக்கொண்டிருக்கும் ரிங் கியர் மேல் பினியன் போய் விழுகிறது. பொருந்தாக் காமத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் இலக்கியத்தில் இல்லை. பரிகாரம் ஓட்டுநரிடமே உள்ளது.

திணை மயக்கம்

ஒரே வண்டியில் இரு திணைகள் கலப்பதும் உண்டு. காலையில் கத்தும் பெல்ட்டைப் பொறுத்துப் போகிறவரின் பேட்டரியில் சார்ஜ் நாளுக்குநாள் குறையும். சில வாரங்களில் கீச்சொலி டிக்டிக்காக முடியும். அவர் புது பேட்டரி வாங்குவார், அதுவும் படுத்துவிடும். மருதத்தைத் தீர்க்காமல் முல்லைக்குச் செலவழித்ததே காரணம்.

முடிவு

ஓசை எதைப்போல் ஒலிக்கிறது என்பதைவிட, எப்போது எழுகிறது என்பதே நோயைக் காட்டிக்கொடுக்கிறது. மோட்டார் சுற்றுமுன் வந்தாலோ எஞ்சின் அழுதுகொண்டே சுற்றினாலோ மின்சாரம், மற்றபடி சுற்றும்போது வந்தால் பற்கள், பற்றியபின் வந்தால் பெல்ட் என்று முதலில் கொள்க. சோதனையும் செலவின் வரிசையிலேயே நடக்கட்டும்: டெர்மினல், வோல்டேஜ், எர்த், பெல்ட், அதன் பிறகே ஸ்டார்ட்டர். பானெட்டைத் திறந்ததும் டெர்மினலைத் தொட்டுப் பார்க்காமல் "ஸ்டார்ட்டரக் கழட்டணும் சார்" என்பவரிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம்.