தேரிக்கு எடை போட்டாச்சு!

சாத்தான்குளம் தேரி, குதிரைமொழித் தேரி என்று எங்கள் தூத்துக்குடிப் பக்கம் செக்கச்செவேலென்று கிடக்கும் மணல்மேடுகள் சும்மா கிடப்பதாகச் சொன்னால் யாரும் நம்பாதீர்கள். உள்ளே இல்மனைட் இருக்கிறது, ரூட்டைல் இருக்கிறது, சிர்கானும் கார்னெட்டும் இருக்கின்றன, தோரியத்தைப் பொத்தி வைத்திருக்கிற மோனசைட்டும் இருக்கிறது. கண்டுபிடித்தவர்கள் பெரிய படிப்பாளிகள். குழாயை இறக்குவார்கள், மாதிரி எடுப்பார்கள், பையில் கட்டி நம்பர் ஒட்டுவார்கள், நூற்றுக்கு எத்தனை பங்கு கன கனிமம் என்று புள்ளி வைத்துச் சொல்வார்கள்.

அவர்கள் படிவத்தில் பனைக்குக் கட்டம் கிடையாது. பனையேறிக்கும் கிடையாது. புகையில் கண் எரிய எரியப் பதனீரைக் கருப்பட்டியாகக் காய்ச்சுகிற அவர் வீட்டம்மாவுக்கு எங்கே இடம்? தேரியில் பெய்த மழை அப்படியே உள்ளிறங்கிச் சுனையாக ஊறுகிறதே, அந்தச் சுனையைக் காக்கத்தானே மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனாரை உட்கார வைத்திருக்கிறோம்? அவருக்கும் கட்டம் இல்லை. டன் கணக்கில் சொல்ல முடியாதவர் சாமியானாலும் சரி, ஆசாமியானாலும் சரி, ஆக்கிரமிப்பாளர்தான்.

சரி, மண்ணுக்குள் இருப்பதை மட்டும்தான் எண்ணுவோம் என்கிறீர்களா? அதையாவது ஒழுங்காக எண்ணுங்கள். சாயர்புரம், மெய்ஞானபுரம் தேரிகளில் கற்கால மனிதன் செதுக்கிப் போட்ட நுண்கற்கருவிகள் கிடைத்தன. ஆய்வாளர்கள் ஸாய்னரும் ஆல்ச்சினும் அதை 1956-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். அந்தச் சில்லுகள் இல்மனைட்டோடு சல்லடைக்குப் போனால் எந்தப் பக்கம் விழும்? கழிவுப் பக்கம்தான். பல்லாயிரம் வருஷம் முந்தி இங்கே குடியிருந்தவனையும் காலி செய்து அனுப்புகிற திறமை வேறு எந்த இலாகாவுக்கு உண்டு!

2007-இல் டாடா ஸ்டீல் வந்தது. சாத்தான்குளம், ராதாபுரம் வட்டாரங்களில் சுமார் 10,000 ஏக்கர், 2,500 கோடி ரூபாய், டைட்டானியம் டை ஆக்சைடு ஆலை. எங்கள் மண்ணின் சிவப்பை உரித்தெடுத்து ஊரார் வீட்டுச் சுவருக்கும் பற்பசைக்கும் வெள்ளை பூசுகிற ஏற்பாடு. ஜனங்கள் எகிறினார்கள், கட்சிகள் சண்டை போட்டன, அரசு திட்டத்தைக் கிடப்பில் போட்டது. கிடப்பில் போட்டதுதான், குப்பையில் போட்டதல்ல. சர்க்கார் பீரோவில் கோப்புக்குச் சாவு கிடையாது.

கடற்கரை மணல் கதை இன்னும் ருசி. அங்கே மதிப்பீடு செய்யவே நேரமில்லை, நேரே அள்ளிவிட்டார்கள். 2013 ஆகஸ்டில் வைப்பாறு பக்கம் சோதனை போட வைத்த தூத்துக்குடி கலெக்டருக்குக் கையோடு இடமாற்றம் கிடைத்தது. அரசு இயந்திரம் மெத்தனம் என்று இனி யாராவது சொல்லட்டும், நாக்கை அறுக்கலாம். பிறகு விசாரிக்க ககன்தீப் சிங் பேடி குழு வந்தது, அள்ளத் தடை வந்தது. 2025 பிப்ரவரியில்தான் சென்னை உயர் நீதிமன்றம், அள்ளியவர்களிடம் 5,832 கோடி ரூபாயை வசூலியுங்கள், சிபிஐ விசாரிக்கட்டும் என்றது. பன்னிரண்டு வருஷம்! ஆட்டோவில் நாலு மூட்டை ஆற்று மணல் ஏற்றிய பயலை மட்டும் அன்றைக்கே பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைக்கிறீர்களே, எப்படி ஐயா? சாத்தான்குளம் ஸ்டேஷன் எப்படி விசாரிக்கும் என்று, காவலில் தகப்பனும் மகனும் செத்த 2020 ஜூனில் நாடே பார்த்தது. கோடிக்கணக்கில் அள்ளியவன் அந்தப் பெஞ்சில் ஒரு ராத்திரி உட்கார்ந்ததுண்டா?

சுரங்கம் தோண்டுவதில் ஒரே இடைஞ்சல், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். பனையேறி மைக்கைப் பிடித்து, “சார், மண்ணை அள்ளிட்டா மரம் எதுல நிக்கும்?” என்று கேட்டுத் தொலைப்பார். மேடையில் இருப்பவர், “நல்ல கேள்வி அண்ணாச்சி, குறிச்சுக்கிட்டோம்” என்பார். எங்கே குறித்தார் என்பது அய்யனாருக்கே வெளிச்சம். டெல்லிக்கு அந்தத் தொந்தரவும் பொறுக்கவில்லை. 2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பு போட்டது: அணுக் கனிமம், முக்கியக் கனிமம் தோண்ட மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டாம். தேச நலன், பாதுகாப்பு, இத்யாதி.

பந்தல், மைக் செட், டீ, போண்டா எல்லாம் மிச்சம். பிழைப்பு போகிறவர்களில் பந்தல்காரருக்காவது நஷ்டஈடு கொடுத்துவிடுங்கள். அவரிடம் பில் இருக்கும்.