பாரத்தோடு வரும் வேன்

ஞாயிறு காலை எட்டரை மணிக்குச் செம்பனைக் காட்டின் நடுவே புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு வெள்ளை வேன் வருகிறதென்றால், மலேசியாவின் லிங்கித் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு சந்தேகம்தான் வரும். ஒன்று, ஐஸ்கிரீம்காரர். இன்னொன்று, மிஷனெரி. மணிச் சத்தம் கேட்கவில்லை என்றால் மிஷனெரி.

வேன் நின்றதும் இறங்குகிற வரிசையிலேயே குடும்பத்தின் நிர்வாகம் விளங்கிவிடும். முதலில் ஐயா. நீளக்கைப் பாத்திக் சட்டை, மூன்று மாநிலம் தாண்டியும் மடிப்புக் கலையாத புன்னகை. பிறகு மூத்த மகள், கையில் கித்தார். அடுத்துப் பையன், ஒரு கையில் மடிக்கணினிப் பை, மறு கையில் சுருட்டிய உலக வரைபடம். கடைசியாகப் பாஸ்டரம்மா. இடுப்பில் தூங்கும் கடைக்குட்டி, தோளில் ஒரு பெரிய பை. அந்தப் பைக்குள் பனடோல், ஊசி நூல், மாற்று உடுப்பு, மைலோ பொட்டலம், அவசரத்துக்கு ஒரு பிரசங்கம் எல்லாம் இருக்கும். ஐயாவுக்குத் தொண்டை கட்டிய ஒரு ஞாயிறு அந்தக் கடைசிச் சாமான் வெளியே வந்தது. சபையார் இன்றைக்கும் அதைத்தான் நல்ல பிரசங்கம் என்கிறார்கள்.

இந்தப் பயணத்துக்குச் சபை வழக்கில் டெபுடேஷன் என்று பெயர். ஆனால் இதன் உயிர்ச்சொல் 'பாரம்'. லாரிக்காரர் பாரம் என்றால் டன் கணக்கு. ஊழியர் பாரம் என்றால் கணக்கே வேறு. "கம்போடியாவுக்காக ஆண்டவர் எனக்கு ஒரு பாரத்தைக் கொடுத்திருக்கிறார்" என்றால், போக முடிவு செய்தாயிற்று என்று அர்த்தம். "நீங்களும் பாரப்பட வேண்டும்" என்றால், பர்ஸைத் திறக்க வேண்டும் என்று அர்த்தம். அதற்குச் சபை மூப்பர் எழுந்து, "உங்களை ஜெபத்திலே தாங்குவோம் பாஸ்டர்" என்று சொன்னால், பெட்ரோல் செலவு கைநட்டம் என்று அர்த்தம்.

ஏன் இப்படி வீடு வாசலை வேனில் ஏற்றிக்கொண்டு அலைய வேண்டும்? பாப்டிஸ்டு என்பதால். பாப்டிஸ்டுகளிடம் ஒவ்வொரு சபையும் தனி ராஜ்ஜியம். பேராயர் கிடையாது, உத்தரவு போட மேலிடம் கிடையாது. ஆகவே கையெழுத்துப் போட்டுச் சம்பளம் அனுப்பவும் ஆள் கிடையாது. அமெரிக்காவின் தெற்கத்திப் பாப்டிஸ்டுகள் 1925இல் ஒரு கூட்டுறவுத் திட்டம் போட்டு, சபைகளின் காணிக்கையை ஒரே உண்டியலில் சேர்த்து, அதிலிருந்து மிஷனெரியைத் தாங்க வழி செய்தார்கள். அந்த உண்டியலும் வேண்டாம் என்று ஒதுங்கிய சுயாதீன பாப்டிஸ்டுகள் பழைய வழியிலேயே நின்றார்கள். அங்கே ஒரு குடும்பம் இரண்டு மூன்று ஆண்டுகள்கூட சபை சபையாகப் போகும். ஒரு சபை மாதம் ஐம்பது டாலர் எழுதும், அடுத்தது நூறு. சொன்ன தொகை சேர்ந்த பிறகுதான் விமானம். நம் பக்கம் தூரம் குறைவு, சபையும் சிறிது. ஆட்டம் மட்டும் அதே ஆட்டம்.

இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் ரோமர் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தைப் புரட்டலாம். ஸ்பெயினுக்குப் போகிற வழியில் உங்களிடம் வருகிறேன், அங்கிருந்து என்னை வழிவிட்டு அனுப்புங்கள் என்று பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதுகிறார். வழியனுப்புவது என்றால் கையசைப்பது அல்ல என்று மிஷனெரி எல்லாருக்கும் தெரியும்.

நம்ம தரங்கம்பாடிக்கும் இதில் பங்குண்டு. 1706இல் அங்கே வந்திறங்கிய மிஷனெரி சீகன்பால்கு, 1714இல் மறுபடி கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய், டென்மார்க் அரசரிலிருந்து இங்கிலாந்தின் முதலாம் ஜார்ஜ் வரை பார்த்துப் பேசினார். கூடவே மலையப்பன் என்ற தமிழரை அழைத்துப் போனார். ஹாலே நகரத்துத் தர்மவான்களுக்கு இதைவிட நல்ல ஸ்லைடு எது? மலையப்பன் சும்மாவும் நிற்கவில்லை. சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணத்துக்குக் கைகொடுத்தார். அது 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. அந்தப் பயணத்திலேயே சீகன்பால்கு கல்யாணமும் முடித்துக்கொண்டு மனைவியோடு திரும்பினார். காணிக்கை கேட்கப் போய், இலக்கணத்தோடும் இல்லாளோடும் திரும்பிய வேறொருவர் இருப்பதாகத் தெரியவில்லை.

பாப்டிஸ்டுகளின் கதை மூக்குப்பொடியில் தொடங்குகிறது. 1792 அக்டோபர் 2ஆம் தேதி, இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் ஒரு வீட்டில் கூடிய சில போதகர்கள் மிஷன் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். சேர்ந்தது 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்ஸ். அதுவும் ரொக்கம் அல்ல. தருகிறோம் என்று சீட்டில் எழுதி, அவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ ஃபுல்லரின் பொடி டப்பாவில் போட்டார்கள். அந்தச் சீட்டுகளின் பலத்தில் வில்லியம் கேரி 1793இல் வங்காளம் போய்ச் சேர்ந்தார். சாகும்வரை ஊர் திரும்பவில்லை. ஃபுல்லரோ 1815இல் கண்மூடும்வரை ஊர் ஊராகக் காணிக்கை கேட்டு அலைந்தார். கேரியின் பெயர் ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஃபுல்லரின் பெயர் சபைப் பொருளாளருக்கே தெரியாது.

வேனில் வந்த ஐயா இதெல்லாம் சொல்ல மாட்டார். அவருக்குப் பிடித்த கதை வேலூர்க் கதை. 1899இல் மிஷனெரி மருத்துவர் ஐடா ஸ்கட்டர் வேலூரில் ஒரு மருத்துவமனைக்காக நியூயார்க்கில் 8,000 டாலர் கேட்டுக்கொண்டிருக்கிறார். பேச்சைக் கேட்ட ஷெல் என்ற வங்கிக்காரர், இறந்துபோன தம் மனைவியின் பெயர் வைக்கச் சொல்லி 10,000 டாலர் கொடுத்துவிடுகிறார். 1902இல் மருத்துவமனை திறக்கிறது. இந்த இடத்தில் ஐயா நிறுத்தி, முதல் வரிசையை ஒரு பார்வை பார்ப்பார். லிங்கியில் முதல் வரிசையில் வங்கிக்காரர் யாரும் உட்கார்வதில்லை. முட்டி வலிக்கிற நாலு பாட்டிமார், முப்பது நாற்பது வருஷம் பால் வெட்டியவர்கள், மின்விசிறிக்கு நேர்கீழே இடம் பிடித்திருப்பார்கள். கித்தா மரம் போய் செம்பனை வந்ததைப் பார்த்தவர்கள். லயத்திலிருந்து தாமான் வீட்டுக்குக் குடிபோன பிள்ளைகள் சிரம்பானிலிருந்தும் போர்ட்டிக்சனிலிருந்தும் ஞாயிறுக்கு ஞாயிறு மோட்டார் சைக்கிளில் வந்து போவதையும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். பத்தாயிரம் டாலர் கதைக்கு அவர்கள் "ஆமென்" சொல்வதில் குறையில்லை. பர்ஸ் மட்டும் முந்தானை முடிச்சிலேயே இருக்கும்.

பிரசங்கத்துக்கு முன்னால் மேஜை. பின்வாசல் ஓரம் ஒரு பிளாஸ்டிக் மேஜை. அதன்மேல் கம்போடியாவின் கட்டம் போட்ட துண்டு, மூங்கில் கூடை, மரத்தில் செதுக்கிய யானை. யானையின் அடியில் விலைச்சீட்டின் பசை இன்னும் போகவில்லை. பக்கத்தில் ஜெப அட்டைகள். குடும்பம் முழுதும் ஒரே நிறத்தில் உடுத்தி, வெயிலுக்குக் கண் சுருக்கி நிற்கிற படம். அந்த அட்டை ஊர் முழுக்கக் குளிர்சாதனப் பெட்டிகளின் கதவில் காந்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு உரிக்க ஒருவருக்கும் மனசு வராது. படத்தில் கைக்குழந்தையாக இருப்பவனுக்கு மீசை முளைத்த பிறகும், லிங்கியில் அவனுடைய பால்பல்லுக்காக ஜெபம் நடக்கும்.

அடுத்து ஸ்லைடு. ஸ்லைடு ஓடாது. இது எழுதாத விதி. வயர் ஒன்று பொருந்தாது, அல்லது திரையில் நீல நிறம் மட்டும் வரும். சபையின் வாலிபத் தம்பி ஒருவர் பெருமையோடு வந்து, புரொஜெக்டரின் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்த ஐந்து நிமிஷத்தை நிரப்பத்தான் பிள்ளைகள் இருக்கிறார்கள். மூத்தவள் கித்தார் மீட்ட, பையன் கெமர் மொழியில் ஒரு வசனம் சொல்வான். சரியாகச் சொன்னானா என்று லிங்கியில் யாரால் சொல்ல முடியும்? ஒரு தடவை நடு வசனம் மறந்துபோய், கூச்சப்படாமல் ஒன்றிலிருந்து பத்துவரை கெமரில் எண்ணி முடித்தான். கைதட்டு அன்றைக்குத்தான் அதிகம். அம்மாவின் முகம் மட்டும் கணக்குப் புத்தகம் மாதிரி மூடிக்கொண்டது.

காணிக்கைப் பை வரும்போது ஐயா கண்ணை மூடிக்கொள்வார். பாதிதான் மூடுவார். மலேசியத் தாளுக்கு நிறம் நிறமாய்க் குணம் உண்டு: ஒரு வெள்ளி நீலம், ஐந்து பச்சை, பத்து சிவப்பு, நூறு ஊதா. பை தன்னைக் கடக்கிற அந்த ஒரு நொடியில், துணிச் சுருளைத் தடவிப் பார்க்கிற ஜவுளிக்காரர் போல நிறத்தை எடைபோட அவர் பழகியிருக்கிறார். நீலம் அதிகமென்றால் அடுத்த சபை வரை எண்ணெய் ஓடும். சிவப்பு தெரிந்தால் டயர் மாற்றலாம். ஊதா தெரிந்த ஞாயிறு, ஆசீர்வாதம் ஒரு நிமிஷம் கூடுதலாக நீளும். இதற்காக அவரைப் பரிகாசம் செய்ய யாருக்கும் வாய் வராது. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு அந்தப் பைக்குள்தான் இருக்கிறது.

சாப்பாடு கோழி. எந்த வீட்டில் உட்கார்ந்தாலும் கோழி. மிஷனெரிக்குச் சாம்பார் ஊற்றினால் மரியாதைக் குறைவு என்று தோட்டத்தில் எந்தக் காலத்திலோ தீர்மானமாகிவிட்டது. மிஷன் சரித்திரத்தைக் கோழிகள் எழுதினால் அதன் தலைப்பு வேறாக இருக்கும். கடைக்குட்டி மெல்ல அம்மாவின் காதில், "ரசம் இருக்கா கேளும்மா" என்பான். அம்மா தொடையில் கிள்ளுவார். கிள்ளு வாங்கியதும், "கோழி ரொம்ப நல்லா இருக்கு ஆண்டி" என்று அவனே சொல்வான். ஆறு வயதில் இவ்வளவு தேர்ச்சி மற்ற பிள்ளைகளுக்கு வராது.

விசாரணை சாப்பாட்டுக்குப் பிறகு. முதல் வரிசைப் பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்பார்.

"கம்போடியாவுல எத்தன நாளு இருந்தீங்க ஐயா?"

"போன தடவ பதினாலு நாள் பாட்டி."

"காசு சேக்க எத்தன நாளா சுத்துறீங்க?"

"ரெண்டு வருஷமாகுது பாட்டி."

பாட்டி கொஞ்ச நேரம் மென்றார். "அப்போ எங்களுக்குத்தான் நீங்க மிஷனெரி" என்றார். ஐயா சிரித்தார். பாஸ்டரம்மா இன்னும் அதிகமாகச் சிரித்தார். அவர் சிரிப்பு கொஞ்சம் நேரம் கழித்துத்தான் நின்றது.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் சிரிப்பு வருவதில்லை. கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். 1923இல் விடுப்பில் இங்கிலாந்து போனவர்கள், திரும்பும்போது ஒன்பது வயது மகனையும் அவன் தங்கையையும் படிப்புக்காக உறவினர் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். 1929இல் தகப்பன் மலையில் காய்ச்சலில் இறந்தார். மகன் அவரை மறுபடி பார்க்கவே இல்லை. அந்த மகன்தான் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட். ஆகவே லிங்கிக்கு வந்த வேனில் மூன்று பிள்ளைகளும் சண்டை போட்டுக்கொண்டு ஒன்றாகப் போவது, மிஷன் சரித்திரத்தில் ஒரு முன்னேற்றமே.

இன்னொரு முன்னேற்றமும் உண்டு. அதை வேன்காரரும் கவனிப்பதில்லை, பாட்டிமாரும் பேசுவதில்லை. மலையப்பன் காலம் தொட்டு, படத்தில் நிற்பது தமிழன் வேலை, படத்தைப் பார்த்துக் காசு போடுவது வேறு யாரோ. இன்றைக்குத் தோட்டத்துச் சபையில் உட்கார்ந்து, வேறொரு நாட்டுப் பிள்ளைகளின் படத்தைப் பார்த்து, "பாவம், காலில செருப்பு இல்ல பாரு" என்று முந்தானை முடிச்சை அவிழ்க்கிறவர், தாமே செருப்பில்லாமல் விடியற்காலைப் பிரட்டுக்கு ஓடியவர். 1910 முதல் மிசோரம் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைச் சபைக்கு எடுத்துவைக்கிறார்கள் என்று ஐயா பிரசங்கத்தில் சொன்னதைப் பாட்டி மறக்கவில்லை. "பிடி என்னாத்துக்கு?" என்று, புறப்படுகிற நேரத்தில் பத்துக் கிலோ மூட்டையையே வேனில் ஏற்றச் சொன்னார். அதன்மேல் முருங்கைக்காய்க் கட்டு, ஒரு சீப்பு வாழை, காலைக் கட்டிய ஒரு சேவல். லிங்கியை விட்டுப் புறப்படும்போது வேனின் பின்பக்கம் நிஜமாகவே பாரத்தில் தாழ்ந்திருந்தது.

வேன் அடுத்த ஞாயிறு உங்கள் பக்கம் வரலாம். வந்தால் ரசம் வையுங்கள். பிள்ளைகளை மேடையில் ஏற்றாமல் பின்கட்டில் பந்து விளையாட விடுங்கள். பெட்ரோலுக்கென்று ஒரு சிவப்புத் தாளைத் தனி உறையில் போட்டு, அதைப் பாஸ்டரம்மா கையில் கொடுங்கள்.